காதால் தேர்ந்தெடுத்த லினக்ஸ்

எனக்குக் கண் தெரியாது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான், அதனால் அதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பெரம்பலூருக்குப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். பாடக் குறிப்பு, வினாத்தாள், மின்னஞ்சல் எல்லாமே ஒரு பழைய மடிக்கணினியில்தான். திரையில் உள்ள எழுத்தை வாய்விட்டுப் படிக்கும் திரைவாசிப்பான் ஒன்று அதில் இருக்கிறது. அது படிக்கும், நான் கேட்பேன், விசைப்பலகையில் பதில் தட்டுவேன். எங்கள் இருவருக்கும் நடுவில் திரை என்ற ஒன்று தேவைப்பட்டதே இல்லை.

சென்ற ஆண்டு அந்த மடிக்கணினி தடுமாற ஆரம்பித்தது. ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னால் அடுப்பில் வைத்த பால் பொங்கும்வரை யோசிக்கும். என் கணவர் அதைப் புது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடைக்குக் கொண்டுபோனார். பழைய விண்டோஸுக்கு இனி புதுப்பிப்பு வராது, புதிய விண்டோஸ் இந்த மாடலில் ஏறாது, வேறு வாங்கிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வாங்கியிருக்கலாம்தான். ஆனால் அந்த விசைப்பலகையின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் என் விரலுக்குத் தெரியும். வேலை செய்யும் ஒன்றைத் தூக்கிப் போட மனம் வரவில்லை.

அன்று மாலை அரியலூருக்குப் போன் போட்டேன். அங்கே ஒரு வங்கியில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். உடன்பிறந்தவர் இல்லை. திருச்சியில் பார்வையற்றோர் விடுதியில் தங்கிப் படித்தபோது எனக்குச் சில வகுப்பு மேலே இருந்தவர். அவருக்கும் பார்வை கிடையாது. கணினி என்று பேச்செடுத்தால் அவருக்குச் சாப்பாடு வேண்டாம்.

"லினக்ஸுக்கு வந்துடு டீச்சர்," என்றார். "நான் வந்து ரொம்ப நாளாச்சு. காசு கெடையாது, பழைய மெஷின்ல பறக்கும்."

"எந்த லினக்ஸுண்ணே? வகை வகையா இருக்குன்னு சொல்றாங்களே."

"ஒண்ணா ரெண்டா, நூத்துக்கணக்குல இருக்கு. உள்ள இருக்கிற இதயம் எல்லாத்துக்கும் ஒண்ணுதான். அத எடுத்து அவங்கவங்க இஷ்டத்துக்கு ஒடம்பு கட்டியிருக்காங்க. ஒரு கூட்டம் அழகா கட்டும், ஒரு கூட்டம் லேசா கட்டும், ஒரு கூட்டம் ஒடையாத மாதிரி கட்டும். உனக்கு எது சரிவரும்னு நீதான் பாக்கணும்."

பார்க்கலாம் என்று வகைகளை ஒப்பிடும் வீடியோக்களைத் தேடிக் கேட்டேன். எல்லாம் ஒரே மாதிரி. "இந்த வால்பேப்பரைப் பாருங்க, இந்த ஐகான் எவ்வளவு நீட்டா இருக்கு பாருங்க, இந்த மெனு கண்ணாடி மாதிரி தெரியுது பாருங்க." ஒரு மணி நேரம் கேட்டும் எனக்குப் பயன்படும் ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. அதை அண்ணனிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "அப்ப நாமளே ஒப்பிட்டுப் பாத்துடுவோம்," என்றார்.

அவர் நான்கு வகைகளை நான்கு பென் டிரைவில் ஏற்றி அனுப்பினார். எங்கள் ஒப்பீட்டுக்கு ஒரே ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டோம். கண் உள்ளவர் யாருடைய உதவியும் இல்லாமல், பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து கணினி நம்மிடம் முதல் வார்த்தை பேசும்வரை போக முடிகிறதா? அதற்குப் பிறகு நாமாகவே அதை நிறுவ முடிகிறதா? நிறமும் ஐகானும் பார்ப்பவர்கள் பாடு.

என் கணவர் ஆலத்தியூர் பக்கம் சிமெண்டு ஆலையில் எலெக்ட்ரீஷியன். எனக்குப் பள்ளி விடுமுறை, அவருக்கு அந்த வாரம் மதிய ஷிப்டு. காலையில் வீட்டில் இருந்தார். பென் டிரைவிலிருந்து கணினி கிளம்பும்படி அமைப்பை ஒரே ஒருமுறை அவர் மாற்றிக் கொடுத்தார். அதோடு அவர் வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டேன்.

"பக்கத்துல ஒக்காந்துக்கலாம். ஆனா வாயத் தொறக்கக் கூடாதுங்க."

"எதுவும் தப்பா அமுக்கிட்டா?"

"அமுக்கினா அமுக்கிட்டுப் போறேன்."

அவர் வேர்க்கடலைத் தட்டோடு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

முதல் பென் டிரைவைச் செருகினேன். மடிக்கணினிக்குள் காற்றாடி சுழன்றது. சுழன்றுகொண்டே இருந்தது. திரைவாசிப்பானை எழுப்ப எந்த விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும் என்று படித்து வைத்திருந்தேன். அழுத்தினேன். இன்னொரு முறை அழுத்தினேன். காற்றாடியைத் தவிர ஒன்றும் இல்லை. கடலை கடிபடும் சத்தம் நின்றது.

"ஏம்மா, சூப்பரா வந்திருக்கு! மலை, ஏரி, பனி..." என்று சொல்லிவிட்டு, நிபந்தனை ஞாபகம் வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வந்துவிட்டது, ஆனால் எனக்கு வரவில்லை. அதற்கு நாங்கள் 'படம்' என்று பெயர் வைத்தோம். அதன் சொந்தப் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. பழைய ஒலி அட்டை உள்ள என் மடிக்கணினியில் அது பேசவில்லை, அவ்வளவுதான். இன்னொருவர் வீட்டில் பேசியிருக்கலாம்.

இரண்டாவது பேசியது. விசைகளை அழுத்தியதும் கணீரென்று ஒரு குரல். ஆனால் நிறுவும் இடத்துக்குப் போனதும் "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டுமே சொன்னது. எது போவதற்கு, எது வருவதற்கு, எது கணினியின் வட்டில் இருப்பதையெல்லாம் அழிப்பதற்கு என்று சொல்லவில்லை. அதற்குப் 'பட்டன்காரி' என்று பெயர். மூன்றாவது, அண்ணன் வைத்திருக்கும் வகை. அமைதியாகவே கிளம்பும். கீழ் அம்பை ஒரு தட்டு, பிறகு எண்டர், நம்பிக்கையோடு காத்திருக்க வேண்டும். பேசிவிட்டது. பேசி முடித்ததும் வெறும் கட்டளை வரியில் கொண்டுபோய் நிறுத்தியது. மெனு இல்லை, மேசைத்திரை இல்லை, எல்லாவற்றையும் நாமே ஒவ்வொன்றாகக் கட்டிக்கொள்ள வேண்டும்.

"இதுல எப்படிண்ணே குடியிருக்கீங்க?" என்று போனில் கேட்டேன்.

"அதுதான் அதோட அழகே. செங்கல்லும் சிமெண்டும் குடுத்துடுவான். வூட்ட நாமளே எழுப்பிக்கணும். எங்க எந்தச் செங்கல் இருக்குன்னு நமக்கு மட்டுந்தான் தெரியும். புதுச் செங்கல் தெனமும் வரும்."

அவருக்கு அது சரி. நான் விடைத்தாள் திருத்த வேண்டியவள். அதற்குச் 'செங்கல்' என்று பெயர் வைத்துவிட்டு நான்காவது பென் டிரைவை எடுத்தேன். அதைப் பற்றி எங்கள் இருவருக்குமே பெரிதாக ஒன்றும் தெரியாது. மிகப் பழைய வகை, புதுமைக்கு அவசரப்படாது, கட்டுபவர்கள் எல்லாரும் உலகம் முழுக்கச் சிதறி இருக்கும் தன்னார்வலர்கள் என்று மட்டும் அண்ணன் சொல்லியிருந்தார்.

செருகினேன். பவர் பட்டனை அழுத்தினேன். சில நொடி ஒன்றுமில்லை. பிறகு, பீப், பீப்.

மற்ற மூன்றும் அப்படி எதுவும் செய்யவில்லை. என் விரல் விசைப்பலகைக்கு மேலே அப்படியே நின்றது. இதற்கு என்ன பொருள், இப்போது எதை அழுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. திரையில் என்ன இருந்ததோ, கணவர் தொண்டையைக் கனைத்து ஏதோ சொல்ல வந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். நாங்கள் இருவரும் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தோம். வெளியே தள்ளுவண்டியில் சின்ன வெங்காயம் விற்றுக்கொண்டு ஒருவர் தெருவைக் கடந்து போனார்.

அப்போது கணினி தானாகவே பேசியது. இயந்திரத்தனமான, மூக்கடைத்த மாதிரியான ஆங்கிலக் குரல். "இந்த ஒலி அட்டையைப் பயன்படுத்த எண்டரை அழுத்துங்கள்" என்று அது கேட்டது.

எண்டரை அழுத்தினேன். உங்கள் மொழி எது, அதன் எண்ணைத் தட்டுங்கள் என்றது. வரிசையாகப் படிக்க ஆரம்பித்தது.

"நான் எதையுமே அமுக்கலைங்க," என்றேன்.

"ஆமா, நீ அமுக்கல. அதுவா கெளம்பிச்சு," என்றார்.

பிறகு அதன் கையேட்டைத் தேடிக் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. பார்வையில்லாதவர்களுக்கு அதில் ஒரு தனிப் பகுதியே இருந்தது. அந்த பீப், மெனு வந்துவிட்டது என்று திரையைப் பார்க்க முடியாதவருக்குச் சொல்வதற்காக வைத்தது. அதைக் கேட்டதும் ஒரு விசையை அழுத்தினால் பேச்சு தொடங்கும். அந்த விசை எது என்று தெரியாமல் ஒருவர் உட்கார்ந்திருந்தால்? கொஞ்ச நேரம் யாரும் எதையும் அழுத்தாவிட்டால், அங்கே திரையைப் பார்க்க முடியாத யாரோ இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு அதுவே பேசத் தொடங்கிவிடும். ஒலி அட்டை விஷயமும் அப்படித்தான். ஒரு கணினியில் ஒலி வெளியே வரும் வழிகள் பல இருக்கலாம். ஸ்பீக்கர் இல்லாத வழியில் கேட்ட கேள்வி யார் காதிலும் விழாது. ஆகவே அது ஒவ்வொரு வழியிலும் மாறி மாறி அதே கேள்வியைக் கேட்கிறது. எந்த வழியில் கேட்டபோது எண்டர் விழுகிறதோ, அந்த வழியில்தான் ஒரு மனிதர் இருக்கிறார். எனக்கு முதலில் கேட்டதாகப்பட்ட கேள்வி, அதற்கு முன்பே ஒருமுறை ஓசையில்லாமல் கேட்கப்பட்டிருக்க வேண்டும்.

என்னை யாரென்று தெரியாத, பெரம்பலூர் என்ற ஊரைக் கேள்விப்பட்டே இராத ஒருவர், ஏதோ ஒரு நாட்டில் ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, நான் எங்கெங்கே தடுமாறுவேன் என்று ஒவ்வொரு படியாக நடந்து பார்த்திருக்கிறார். கூலி வாங்காமல். ராஜாக்கள் கோயில் கட்டியதையும் ஏரி வெட்டியதையும் பிள்ளைகளுக்கு வருடம் தவறாமல் நடத்துகிறேன். கட்டியவர் பெயர் கல்லில் இருக்கும். இங்கே யார் பெயரும் என் காதில் விழவில்லை.

ஆனால் அன்று காலைக் கதை இன்னும் முடியவில்லை. கேள்விகளுக்கு எண்ணைத் தட்டிக்கொண்டே போனேன். வட்டைப் பிரிக்கும் இடம் வந்தது. இதில் உள்ள எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று தெளிவாகக் கேட்டது. என் குறிப்புகளை முன்பே வேறொரு பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தேன். என் கணவர் நாற்காலி கிறீச்சிட எழுந்தார்.

"பாத்து..."

"பாத்துத்தான் அமுக்கறேன், நீங்க சாப்புட்டுக் கெளம்புங்க."

அவர் கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தயிர்சாதத்தை அவசரமாகச் சாப்பிட்டார். "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கியவர், பாதி தெருவிலிருந்து திரும்பி வந்து ஜன்னல் வழியாக, "முடிஞ்சா போன் பண்ணு" என்றார். அதன்பின் வீட்டில் நானும் அந்தக் குரலும் மட்டும். கோப்புகள் ஒவ்வொன்றாக இறங்கும் சதவீதத்தை அது சொல்லிக்கொண்டே வந்தது. கடைசியில் முடிந்தது, பென் டிரைவை எடுத்துவிடுங்கள் என்றது. எடுத்தேன். கணினி அணைந்து எழுந்தது. நுழையும் இடத்தில் என் பெயரைச் சொல்லி, கடவுச்சொல் என்ன என்று கேட்டது.

சொந்தமாக ஒரு கணினியை நிறுவியது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. அதுவரை யாராவது செய்து முடித்து என் கையில் கொடுப்பார்கள். கணவருக்குப் போன் செய்தேன். பின்னால் ஆலை இரைச்சல். "முடிச்சிட்டேங்க!" என்று கத்தினேன். "என்னது?" என்று அவரும் கத்தினார். மூன்று முறை கத்திய பிறகுதான் அவருக்குக் கேட்டது.

அதற்கு 'மணி' என்று பெயர். இன்றும் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

பள்ளி வேலை தொடங்கியதும் ஒரு குறை தெரிந்தது. நான் வரலாற்று ஆசிரியை. என் குறிப்புகள் முழுக்க ஆண்டுகள். புதுக் குரல் தமிழை ஓரளவு நன்றாகவே படித்தது. ஆண்டு வந்தால் மட்டும் கால் தடுக்கி விழுந்தது. 1857 என்று இருந்தால் "ஆயிரம் எட்டு நூறு ஐம்பது ஏழு" என்று உதிரியாகக் கொட்டியது. அண்ணனிடம் கேட்டேன். அவர் செங்கலிலும் அப்படியேதான். பேசிய வரையில் பட்டன்காரியிலும் அதேதான்.

"ஒடம்புதான் வேற டீச்சர், குரல் ஒண்ணுதான். எல்லாரும் ஒரே எடத்துலேர்ந்து எடுத்துக்கிறாங்க. அங்க சொல்லணும்."

"யாருகிட்ட சொல்றது? நாம சொன்னா கேப்பாங்களா?"

"எழுதிப் பாரேன்."

அந்தக் குரலைக் கட்டுபவர்கள் குறை கேட்கும் இணையப் பக்கத்தில், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், பிழை இருக்குமோ என்ற பயத்தோடு எழுதினேன். பதிலே வராது என்றுதான் நினைத்தேன். மறுநாள் பள்ளியிலிருந்து வந்து பார்த்தால் வந்திருந்தது. எழுதியவர் ஆணா பெண்ணா, எந்த நாட்டுக்காரர் என்று தெரியவில்லை. எனக்குத் தமிழ் ஓர் எழுத்துகூடத் தெரியாது, தமிழுக்கான விதிகளை வெகுகாலம் முன்பு வேறொருவர் எழுதிவிட்டுப் போனார், எண்கள் ஒன்றோடொன்று எப்படிச் சேரும் என்று நீங்கள் சொல்லிக் கொடுத்தால் நான் எழுதிவிடுகிறேன் என்றிருந்தது.

அன்றிலிருந்து எனக்கும் அண்ணனுக்கும் அதே வேலை. அவர் வங்கியிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது போனில் இருப்பார். பின்னால் அரியலூரின் சிமெண்டு லாரிகள் ஹாரன் அடிக்கும். நூறு என்பது பின்னால் எண் வந்தால் நூற்று ஆகும், ஐம்பது ஐம்பத்து ஆகும், அடுத்து ஏழு வந்தால் ஐம்பத்தேழு ஆகும். தினமும் வாயில் புரளும் சொற்கள். அவற்றுக்கு இத்தனை மடிப்பு இருக்கிறது என்று அதுவரை நினைத்ததே இல்லை. ஒவ்வொன்றையும் எழுதி அனுப்புவோம். அந்தப் பக்கத்திலிருந்து சந்தேகம் வரும். அதில் ஒன்று எங்களை நிறுத்திவிட்டது. எண்பது வரை பத்து 'பது' என்று இருக்கிறது, தொண்ணூறில் மட்டும் ஏன் நூறு இருக்கிறது? எண்ணூறு வரை நூறு, தொள்ளாயிரத்தில் மட்டும் ஏன் ஆயிரம்? என் பட்டியலில் எழுத்துப்பிழை ஏதும் இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்.

"அட, ஆமாம்ல!" என்றார் அண்ணன் போனில். "இத்தன வருஷமா பேங்குல ஒக்காந்திருக்கேன், இது எனக்குத் தோணவே இல்லியே."

பள்ளியில் தமிழாசிரியரிடம் கேட்டேன். அவர் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டார். "பழைய இலக்கணமே இதத் தனியா எடுத்துத்தாம்மா சொல்லுது. பொது விதிக்குள்ள அடங்காதுன்னு அப்பவே தெரிஞ்சிருக்கு," என்று மணி அடிக்கும்வரை விளக்கினார். அதன் சாரத்தை எழுதி அனுப்பினேன். எங்கள் இலக்கணக்காரர்களே இவற்றைத் தனியாகத்தான் வைத்தார்கள், நீங்களும் தனியாகவே வையுங்கள் என்று. பதில் உடனே வந்தது. அவர்களுக்கே அப்படியென்றால் நானும் இந்த இரண்டையும் தனி வரியாகவே எழுதிவிடுகிறேன், மகிழ்ச்சி என்று. அதைக் குரல் படித்துக் காட்டியது. ஓலையில் எழுத்தாணியால் எழுதிய ஒருவரும், தமிழே தெரியாமல் நிரல் எழுதும் இன்னொருவரும், ஒரே சொல்லுக்கு முன்னால் நின்று ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். நடுவில் செய்தி கொண்டுபோனது நான்.

சில மாதம் கழித்து ஒரு மதியம். சத்துணவுத் தட்டுகள் கழுவும் ஓசை நடுவே, அன்று வங்கிக்கு லீவு போட்டிருந்த அண்ணனிடமிருந்து போன் வந்தது. ஹலோகூடச் சொல்லவில்லை. போனைக் கணினிப் பக்கம் வைத்துவிட்டார். அந்த மூக்கடைத்த குரல் சொன்னது: "ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தேழு."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "தொண்ணூத்தொம்பது அடிங்கண்ணே. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது."

தட்டும் சத்தம். பிறகு குரல். ஒரு சொல்கூட உதிரவில்லை.

என் மணியில் அது இன்னும் வரவில்லை. அண்ணன் வகையில் எல்லாம் உடனுக்குடன் வந்து சேரும். என் வகையில் ஒவ்வொன்றையும் சோதித்து, அடுத்த பெரிய பதிப்பு வெளிவரும்போதுதான் சேர்ப்பார்கள். கணவருக்கு அதில் வருத்தம்.

"நீ சொல்லிக் குடுத்தது உனக்கே வரலியா? அண்ணன் வச்சிருக்கிறதுக்கே மாறிடேன்."

"அவங்க நிதானமா செய்யறதாலதாங்க இது நின்னு பேசுது. வரட்டும்."

அண்ணன் இதைக் கேட்டால் விடமாட்டார். போன வாரம்கூட நிதானமா, வேகமா என்று அரை மணி நேரம் சண்டை போட்டோம். அவர் வேகத்துக்கு ஒருநாள் அவர் கணினியில் ஒலியே வராமல் போனதை நான் சொன்னேன். என் நிதானத்துக்கு எங்கள் எண்கள் வாசலிலேயே காத்துக் கிடப்பதை அவர் சொன்னார். இருவர் சொன்னதும் உண்மைதான்.

நேற்று சனிக்கிழமை. காலையில் மின்னஞ்சலைத் திறந்தால், எண்களைச் சரிசெய்த அதே பக்கத்தில் புதிதாக ஒருவர் எழுதியிருந்தார். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண், அவருக்கும் பார்வை இல்லை. எந்த வகை லினக்ஸ் வைத்திருக்கிறார் என்று சொல்லவில்லை. தன் கணினி சில நாளாக ஆண்டுகளைத் திடீரென்று அழகாகச் சொல்வதாகவும், யார் செய்தது என்று தேடி இங்கே வந்ததாகவும் எழுதியிருந்தார். தமிழில் எழுதியிருந்தார். கடைசியில், "நேரத்தை மட்டும் இன்னும் பிழையாத்தான் வாசிக்குது, அதையும் ஒருக்கா பார்ப்பீங்களோ?" என்று கேட்டிருந்தார்.

ஷிப்டு முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்த கணவரை எழுப்பி, அதைக் குரலை விட்டு அவருக்குப் படிக்க வைத்தேன். அவர் எழுந்து உட்கார்ந்து முழுக்கக் கேட்டார். "இன்னொரு தரம் போடு," என்றார்.

இரண்டாம் முறை கேட்டு முடித்ததும் நான் அரியலூருக்குப் போன் போட்டேன். "அண்ணே, மணி 8.30ன்னு எழுதியிருந்தா எட்டு முப்பதுன்னு படிக்கணுமா, எட்டரைன்னு படிக்கணுமா?" என்றேன்.

"இரு, காப்பிய வச்சிட்டு வரேன்," என்றார் அவர்.